முப்பத்தோராவது உறை

அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர் வைத்தது நோயாளிகள்தான். மூக்குக்கண்ணாடி போட்டவள் இல்லை அவள். நாற்பத்தாறு வயதிலும் ஊசிமுனையில் தொங்கும் துளி அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கையில் எப்போதும் கண்ணாடி ஊசிக்குழல் இருந்ததால் வந்த பெயர் அது. உலகமெல்லாம் பிளாஸ்டிக் ஊசிக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் கடைசி வார்டில் மட்டும் இன்னமும் கண்ணாடிக் குழல்களைக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போடுகிற மருந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்பதே காரணம்.

பிளாஸ்டிக்கையே இளக்கும் மருந்து மனித நரம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு வார்டு வாசலில் நின்றால் அலறல் காதில் விழும்.

அது தூக்க நோய் வார்டு. ஆற்றோரப் புதர்களில் திரியும் ஒருவகை ஈ கடித்து வருகிற நோய். முதலில் காய்ச்சல், அரிப்பு, கழுத்துக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். மாதங்கள் போனபிறகு கிருமி மூளைக்குள் ஏறும். அப்புறம் பகலில் சோற்றுத் தட்டின் மேலேயே தலை சாயும். இரவில் கண் மூடாது. வாயில்லாப் பூச்சியாக இருந்தவன் மனைவியை அடிப்பான். கட்டுசெட்டாகக் குடும்பம் நடத்தியவள் வீட்டுப் பாத்திரங்களைத் தெருவில் வீசிவிட்டுச் சிரிப்பாள். பேய் பிடித்தது என்பார்கள், புத்தி பேதலித்தது என்பார்கள். கடைசியில் யாராலும் எழுப்ப முடியாத தூக்கம். மருந்து இல்லாமல் பிழைத்தவர் கிடையாது.

மருந்தோ ஆர்சனிக், நம் பேச்சில் பாஷாணம். நூறு பேருக்குப் போட்டால் ஐந்து பேரை மருந்தே கொண்டுபோய்விடும். யார் அந்த ஐந்து பேர் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டாக்டராலும் ஆகாது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? நோயாளிகள் அதைத் தீ ஊசி என்றார்கள். ஏறும்போது தோள்வரைக்கும் நரம்பு எரியும்.

பதினெட்டு வருஷமாக அந்த ஊசியைப் போட்டுவந்தாள் கண்ணாடியக்கா. ஒரு சொட்டு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும் என்பதால் பதற்றமே இல்லாத கை வேண்டும். அது அவளிடம் இருந்தது. மற்ற நர்ஸ்கள் ஊசியோடு வந்தால் நோயாளிகள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, அக்கா வரட்டும் என்பார்கள். அந்தக் கையாலேயே அவள் முப்பதுக்கு மேற்பட்டவர்களை அனுப்பியும் வைத்திருக்கிறாள். இளைத்து வந்தவன் ஊசி ஏற ஏறத் தேறி, வீட்டுக்குப் போகிற பேச்சை எடுக்கிற நாளில் திடீரென்று வலிப்பு கண்டு போய்விடுவான். மருந்துதான் கொன்றது, நீயில்லை என்று டாக்டர் ஒருமுறை ஆறுதல் சொன்னார்.

“மருந்துக்குக் கை கிடையாதே டாக்டர்” என்றாள்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையாததைப் பற்றி அவளும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறைக் குடியிருப்பு. ஒரே தம்பி, அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. குளிப்பாட்டி, படிக்க வைத்து, படிப்பு ஏறாமல் போகவே மெக்கானிக்கிடம் சேர்த்துவிட்டு, கல்யாணமும் செய்துவைத்தாள். படகுத்துறையில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் படகுகளின் இன்ஜின்களைப் பழுது பார்த்தான். மனைவியும் ஐந்து வயது மகளும் அவனுமாகத் துறைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று துறையில் பேச்சு. அக்கா கேட்டால் மட்டும், “எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்” என்று சிரிப்பான்.

புது மருந்து வரப்போகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பணக்காரர்களுக்கு வராத நோய்க்கு யார் மருந்து தேடுவார்கள் என்று வார்டில் யாரும் அதை நம்பவில்லை. ஒரு நாள் நிஜமாகவே வந்தது. எங்கோ ஒரு மருந்துக்கூடத்தில், வேறு எதற்கோ செய்து பாதியில் கைவிட்ட சரக்காம் அது. யாரோ பழைய கோப்புகளைக் கிளறி எடுத்து, எலிக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு ஆரோக்கியமான மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, இப்போது நோயாளிகளிடம் வந்திருக்கிறது. வெறும் மாத்திரை. பத்து நாள் விழுங்கினால் போதும். எரிச்சல் இல்லை, கண்ணாடிக் குழல் இல்லை.

ஆனால் எல்லாருக்கும் கிடையாது. மூன்று ஆஸ்பத்திரிகளில் நடக்கும் பரிசோதனை அது. சேர்கிற மூன்று பேரில் இரண்டு பேருக்கு மாத்திரை, ஒருவருக்குப் பழைய ஊசி. யாருக்கு எது என்பதை டாக்டரும் தீர்மானிக்க முடியாது. வரிசை எண் போட்டு ஒட்டிய பழுப்பு உறைகள் ஒரு பெட்டியில் வந்தன. நோயாளியின் பெயரை உறையின் மேல் எழுதிய பிறகுதான் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தாள் சொல்வதுதான் மருந்து.

பயிற்சி கொடுக்க வந்த பெண் அதிகாரியிடம் கண்ணாடியக்கா நேராகவே கேட்டாள். மாத்திரை நல்லது என்று நம்பித்தானே கொண்டுவந்திருக்கிறீர்கள், பிறகு எதற்கு மூன்றாவது ஆளுக்கு விஷம்? அந்த அம்மாள் கோபப்படவில்லை. நம்புவது வேறு, தெரிவது வேறு என்றாள். எலியைக் காப்பாற்றிய மருந்துகள் மனிதனைக் கைவிட்ட கதைகளைச் சொன்னாள். பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் இந்த மாத்திரையை எந்த அரசாங்கமும் ஏற்காது, இன்னும் இருபது வருஷம் எல்லாருமே ஊசிதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். கண்ணாடியக்கா இரண்டு நாள் அதை மனதில் போட்டு உருட்டினாள். நியாயமாகவே பட்டது.

அதன் பிறகு நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. சேராவிட்டால் நிச்சயம் ஊசி, சேர்ந்தால் மூன்றில் இரண்டு மாத்திரை, இஷ்டமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எளிமையாகச் சொல்வாள். டாக்டர் சொல்லித் தயங்கியவர்கள் அவள் சொன்னதும் கைநாட்டு வைத்தார்கள். ஏழு மாதத்தில் இருபத்தொன்பது உறைகள் பிரிந்தன.

அந்தச் சமயத்தில்தான் தம்பி மனைவி ஒரு மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புக்கு வந்தாள். குழந்தையின் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அடித்தது யார் என்று கேட்டதற்கு அழுதாள். தம்பி ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டான் என்று துறையில் கேலி பண்ணுவார்கள். இப்போது சில மாதமாக அவனுக்குக் கும்பகர்ணன் என்று வேறு பெயராம். திருகுச்சாவியைப் பிடித்தபடியே இன்ஜின் மேல் சாய்ந்து தூங்கிவிடுகிறானாம். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தாள். கொட்டகையில் அவன் விழித்துத்தான் இருந்தான். பேசிக்கொண்டே பின்னால் போய், சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துவிட்ட அதே கழுத்தில் விரலை ஓட்டினாள். கட்டி இருந்தது.

நாளைக்கே வா என்றாள். அவன் மழுப்பினான். மழைக்காலம் வருமுன் ஆறு இன்ஜின்களை முடித்துக் கொடுக்க வாக்குக் கொடுத்திருந்தானாம்.

“ஒரு மாசம் விடுக்கா. வேலைய முடிச்சிட்டு நானே வந்து படுத்துக்கறேன்.”

“இன்ஜின் ஓடும்டா. நீ ஓடமாட்ட” என்றாள். எத்தனை பேர் இப்படி ஒரு மாதம், ஒரு மாதம் என்று தள்ளி நினைவில்லாமல் தூக்கி வரப்பட்டார்கள் என்று அடுக்கினாள். துறையே பார்க்கும்படி சத்தம் போட்டாள். அவள் சத்தம் போட்டு அவன் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை குளித்து, சட்டை மாற்றி வந்து நின்றான்.

ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்ப்பவர் வாயாடி. கிருமிகளைப் பற்றி மாமன் மச்சான் போல நையாண்டி பேசுவார். அன்று தம்பியின் ரத்தத் துளியைப் பார்த்துவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்து நகர்ந்தார். கண்ணாடியக்கா குனிந்து பார்த்தாள். சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன நெளிவு. முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீரிலும் வெள்ளணுக்கள் ஏகத்துக்கும் இருந்தன. மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தம்பியும் அவன் மனைவியும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். விளக்கம் சொல்ல வேண்டியவள் அக்காதான். மற்றவர்களுக்குச் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னாள்.

உறை பிரிக்கும் அன்று காலையில் தயாராக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தம்பி. இன்னொருவர் ஒரு வயதான கரி வியாபாரி. விடிந்ததிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருவருடைய பரிசோதனை முடிவுகளும் சேர்ந்தே மேசைக்கு வந்தன. யாரை முதலில் கூப்பிட்டாலும் கேள்வி இல்லை. முதலில் வந்தவர் முதலில் என்று அவரையே கூப்பிட்டாள். முப்பதாவது உறை: மாத்திரை. கரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

முப்பத்தோராவது உறையின் மேல் தம்பியின் பெயரைத் தானே எழுதினாள். டாக்டர் பிரித்தார். தாளைப் பார்த்தவர் அதை மடித்து மறுபடி விரித்தார். ஊசி.

தம்பிதான் முதலில் பேசினான். “சரி விடுக்கா. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் பொழைக்கறாங்கன்னு நீதானே சொன்ன.”

வேறு நர்ஸை வைத்துப் போடச் சொல்கிறேன் என்றார் டாக்டர். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் நரம்பைக் கிழித்துவிடுவார்கள், அக்கா கைதான் வேண்டும் என்றான்.

அன்று பிற்பகல் அவள் மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாத்திரை அலமாரியின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. திறந்தால் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் எண். இன்னும் எண் எழுதாத பெட்டிகளும் இருந்தன. பத்து நாள் மாத்திரை கையகலப் பெட்டிக்குள் அடங்கிவிடும். எடுத்தால் கணக்கு உதைக்கும். இந்த வார்டில் நடந்த மொத்தப் பரிசோதனையும் செல்லாது என்று கிழித்துப் போட்டுவிடுவார்கள். இருபத்தொன்பது பேர் பட்ட பாடும் வீண். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் எடுக்காததற்கு அது மட்டும் காரணமில்லை. தன் வாயால் அத்தனை பேருக்கு விளக்கம் சொல்லிக் கைநாட்டு வாங்கியிருக்கிறாள். அவர்களில் ஊசி விழுந்தவர்களும் யாருடைய தம்பியோதானே. அலமாரியைப் பூட்டினாள். தொண்ணூற்றைந்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள்.

முதல் ஊசியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்றாவது ஊசிக்குள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருந்தான்; மகளை மடியில் உட்காரவைத்து, அடித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். ஏழாம் நாள் வார்டு மின்விசிறியின் கரகரப்பைக் கேட்டு, அதில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கட்டில் மேல் ஏறிக் கழற்றப் பார்த்தான். கண்ணாடியக்கா அதட்டி இறக்கினாள். அவன் மனைவி அன்று நெடுநாள் கழித்துத் தலை பின்னிப் பூப்போட்ட சேலை கட்டி வந்திருந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மைக்ராஸ்கோப்காரர் சொன்னார். இன்னும் மூன்று ஊசி பாக்கி என்று கண்ணாடியக்கா பதில் சொன்னாள்.

எட்டாவது ஊசி போட்ட அன்று மாலை தலை வலிக்கிறது என்றான். கண் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். வலிப்பு ஒன்று அடங்க ஒன்று வந்தது. மறுநாள் மத்தியானம், வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்த வேளையில், மூச்சு நின்றது. பக்கத்து வரிசையில் கரிக்காரர் அன்றைய மாத்திரையை விழுங்கத் தண்ணீர் கேட்டுக் காத்திருந்தார். யாரும் கொடுக்கவில்லை. அவரே எழுந்துபோய் மொண்டு குடித்தார்.

மரணப் படிவத்தை டாக்டர் தானே எழுதுவதாகச் சொன்னார். அவள் விடவில்லை, மற்றவர்களுக்கெல்லாம் எழுதியவள் அவள்தான். வயது, எடை, எத்தனையாவது ஊசி, அறிகுறி தொடங்கிய மணி எல்லாம் எழுதினாள். இறப்புக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி; பக்கத்தில் மூன்று கட்டங்கள். நிச்சயம் என்ற கட்டத்தில் குறியிட்டாள். ஊசி போட்டவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பதினாறு நாள் கழித்து டாக்டர் எல்லாரையும் வார்டுக்குக் கூப்பிட்டார். பரிசோதனையை மேற்பார்க்கும் குழு மூன்று ஆஸ்பத்திரிகளின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டதாம். புது மாத்திரைதான் மேல் என்பது தெளிவாகிவிட்டதால் இனி யாருக்கும் பழைய ஊசியைப் போடக்கூடாதாம். உறைகளும் இனி இல்லை. இன்று முதல் எல்லாருக்கும் மாத்திரை. நோயாளிகள் கை தட்டினார்கள். மைக்ராஸ்கோப்காரர் சின்னப்பிள்ளை போல அழுதார். தாங்கள் உயிரோடு இருக்கும்போதே இப்படி ஒரு நாள் வரும் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

கூட்டம் கலைந்தபின் கண்ணாடியக்கா டாக்டரின் அறைக்குப் போனாள். எத்தனை சாவு வேண்டியிருந்தது என்று கேட்டாள். டாக்டர் சுற்றி வளைத்தார். அவள் நகரவில்லை.

“ஊசிப் பக்கம் ஏழு. ஆறு வரைக்கும் தற்செயல்னு சொல்ல இடமிருக்காம். ஏழுக்கு அப்புறம் அப்படிச் சொல்ல முடியாதாம்.”

“ஏழாவது யாரு டாக்டர்?”

அவர் மேசையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

இனி எல்லாருக்கும் மாத்திரைதான் என்பதை ஊர் வாயிலிருந்து தம்பி மனைவி கேட்டுவிடக்கூடாது என்று அன்று சாயங்காலமே துறைப்பக்கம் போனாள். கொட்டகையில் ஆறு இன்ஜின்களில் நாலு அப்படியே பிரித்துக் கிடந்தன. வீட்டு வாசலில் தம்பி மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவள் சொன்னதை முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். அழவில்லை. முழுக்கக் கேட்டு முடித்தபின் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவர் ஒரு மாசம் கழிச்சு வரேன்னாரே அண்ணி.”

“ஆமாம்மா.”

“ஒரு மாசத்துல செத்திருப்பாரா?”

பொய் சொல்லியிருக்கலாம். நோய் முற்றியிருக்கும், நினைவு தப்பியிருக்கும் என்று எதையாவது சொன்னால் அவள் நம்பியும் இருப்பாள். பதினெட்டு வருஷமாக அந்த நோயைப் பார்த்தவளுக்கு அது எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று தெரியும்.

“இல்லம்மா” என்றாள். “ஒரு மாசம் தாங்கியிருப்பான்.”

தம்பி மனைவி தலையாட்டினாள். கடைக்காரர் விலை சொன்னால் ஆட்டுவது போல இருந்தது அது. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குழந்தை, “அத்தை வந்திருக்காங்களா?” என்று கேட்டது.  கண்ணாடியக்கா இருட்டும்வரை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த மாதம் தாயும் மகளும் தாய்வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள் என்று துறையில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்க வாய் இல்லை.

வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். முதல் முறை ஆள் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே நாலு நாள் இருந்தாள். பிறந்த குழந்தையைக் கையில் கொடுக்க வந்தால், பக்கத்து நர்ஸை வாங்கச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள்.  ஐந்தாம் நாள் தானாகவே பழைய வார்டுக்கு வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள். 

வார்டு மெல்லக் காலியாயிற்று. நாற்பது கட்டில் இருந்த இடத்தில் பதினைந்து போதும் என்றாயிற்று. ஜனங்கள் நடந்து வந்தார்கள், நடந்தே திரும்பினார்கள். பரிசோதனையில் சேர்ந்தவர்களை ஒன்றரை வருஷம்வரை அவ்வப்போது கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விதி. கரிக்காரர் ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தார், உடம்பு தேறி, தொப்பைகூடப் போட்டு. அவளைப் பார்த்தால் பேசாமல் தலையைக் குனிந்துகொள்வார். தன் உறைக்கு அடுத்த உறை யாருடையது என்று மனிதருக்குத் தெரியும். அவர் பெயருக்கு நேராக நலம் என்று எழுதுவாள். முப்பத்தோராவது வரிசைக்கு வந்ததும் பேனா தானாகவே அடுத்த வரிசைக்குத் தாவும். பெருநகரத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது, அவளையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இந்த மருந்துக்காக ஏதாவது செய்தவர்கள் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்பதை மைக்ராஸ்கோப்காரர்தான் படித்துக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டாள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கியதும் குமட்டல். பெரியவர்கள் யாரோ சொன்னார்களாம், முன்னே இங்கே ஒரு ஊசி போடுவார்கள், சுருக்கென்று இருக்கும், ஆனால் நோய் சட்டென்று கேட்கும் என்று. இந்தப் பாழாய்ப்போன மாத்திரைக்கு அந்த ஊசியே தேவலாம் என்று அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். பக்கத்துக் கட்டில்காரி ஆமாம் போட்டாள்.

கண்ணாடியக்கா வாளியை இழுத்து அவள் முன்னால் வைத்து, முதுகில் கை வைத்தாள். “வாந்தி எடுத்துடும்மா. அரை மணி கழிச்சு இன்னொண்ணு தரேன்.”

அந்தப் பெண் குனிந்து வாந்தி எடுத்தாள். கண்ணாடியக்கா ஜன்னலைப் பார்த்தபடி அவள் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.